சுடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

செர்ஜியோ லியோனே படங்களைப் பார்க்கச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் முதலில் சொல்வது, "ரொம்ப இழுவை" என்பதுதான். போன வாரம் என் அக்கா மகன் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்’ படத்தைப் போட்டுவிட்டு, பாதியில் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தான். "மாமா, மூணு பேரு ரயிலுக்கு நிக்கிறாங்க, நிக்கிறாங்க, நின்னுக்கிட்டே இருக்காங்க. ஒருத்தனும் வாயைத் தொறக்கல. எப்பதான் கதை ஆரம்பிக்கும்?" அவனுக்குப் பதில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனது. பதிவாகவே போட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது.

அந்த மூன்று பேரும் நிற்கத்தான் செய்கிறார்கள். நிற்பதைக் காட்டத்தான் லியோனே அந்தப் படத்தையே எடுத்தார் என்பேன். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போனவர் அவர். ஆனால் அவர் படங்களில் சுடுவது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் மனிதர்கள் நிற்பதும், ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதும், விரல் துப்பாக்கியை நோக்கி நகர்வதும்தான் நிமிடக்கணக்கில் ஓடும். காத்திருப்பவனின் நேரம் எப்படி இருக்கும் என்பதைத் திரையில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு வெகுஜன இயக்குநர் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டல் வெளியில் ஒரு ரயில் நிலையம். பலகை போட்ட நடைமேடை. ஜாக் ஈலம் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறார். முகத்தில் ஒரு ஈ. உதட்டோரம், தாடி மயிர், கன்னம் என்று ஊர்கிறது. அவர் கையால் அடிக்கவில்லை, ஊதி ஊதி விரட்டப் பார்க்கிறார். கடைசியில் அது சுவரில் உட்கார, துப்பாக்கிக் குழாயை அதன் மேல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே அது ரீங்கரிப்பதைக் காதில் வைத்துக் கேட்டுச் சிரிக்கிறார். இன்னொரு பக்கம் வுடி ஸ்ட்ரோட். மேலே தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. சொட்டு அவர் மொட்டைத் தலையில் விழுகிறது. அவர் நகராமல் தொப்பியைப் போட்டுக்கொள்கிறார். இப்போது சொட்டு தொப்பியில் விழும் சத்தம். பிறகு தொப்பியைக் கழற்றி, விளிம்பில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கிறார். மூன்றாமவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குகிறார். இவ்வளவுக்கும் பின்னால் எண்ணெய் காணாத காற்றாலை ஒன்று கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இசை கிடையாது. இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனே இருந்தும் கிடையாது! ஃபிளாரன்ஸில் நடந்த ஒரு கச்சேரியை மோரிகோனே பார்த்திருந்தார். வாத்தியம் எதுவும் இல்லாமல், மேடையில் ஒருவர் ஏணியை வைத்துக் கிறீச்சிட வைத்ததுதான் கச்சேரியே. அதைப் பற்றி லியோனேயிடம் சொன்னார். அதிலிருந்துதான் இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம், ஈயும் சொட்டும் காற்றாலையும் போதும் என்று முடிவானது. ரயில் வருகிறது. யாரும் இறங்கவில்லை. மூவரும் திரும்பி நடக்கிறார்கள். ரயில் நகர்ந்த பிறகு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மவுத் ஆர்கன் கேட்கிறது. அங்கே சார்ல்ஸ் பிரான்சன். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்த மூவரும் நொடியில் விழுந்துவிடுகிறார்கள்.

லியோனே முதலில் அந்த மூன்று பேர் வேடத்துக்குத் தன் முந்தைய படமான ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’யின் நாயகர்களான கிளின்ட் ஈஸ்ட்வுட், ஈலை வாலக், லீ வான் கிளீஃப் மூவரையும் கேட்க நினைத்தார். படம் தொடங்கியவுடனே மூவரையும் கொன்று பழைய கணக்கை முடித்துவிட்டு வேறு இடத்துக்குப் போக நினைத்திருக்கிறார். நடக்கவில்லை. நடந்திருந்தால் தியேட்டரில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சிலிர்க்கிறது.

யார் இந்த மனிதர்? ரோம் நகரத்துக்காரர். 1929 ஜனவரி 3 அன்று பிறந்தார். சினிமாக் குடும்பம். அப்பா வின்சென்சோ லியோனே, ரொபெர்தோ ரொபெர்த்தி என்ற பெயரில் மௌனப் படங்கள் எடுத்தவர். அம்மா அந்தக் கால நடிகை. முசோலினி ஆட்சியில் அப்பாவுக்கு வேலை வற்றிப்போனது. பையன் வளர்ந்த டிராஸ்தெவெரே பகுதிப் பள்ளியில் கூடப் படித்தவர்களில் ஒருவர் மோரிகோனே. இருவரும் ஒரே வகுப்புப் புகைப்படத்தில் நிற்கிறார்கள். பிற்காலத்தில் படத்துக்கு இசை கேட்டு லியோனே மோரிகோனேயின் வீட்டுக்குப் போனபோதுதான், "அட, நீயா?" என்று ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள்.

பதினெட்டு பத்தொன்பது வயதிலேயே ஸ்டூடியோக்களில் எடுபிடி, உதவி இயக்குநர். விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் (1948) மழைக்கு ஒதுங்கி, ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டு நிற்கும் பாதிரி மாணவர் கூட்டத்தில் ஒரு முகம் இவருடையது. அமெரிக்கர்கள் ரோமில் வந்து எடுத்த பிரம்மாண்டப் படங்களில், ‘குவோ வாடிஸ்’, ‘பென்-ஹர்’ வரை, இவர் வேலை பார்த்தார். 1959-ல் ‘த லாஸ்ட் டேஸ் ஆஃப் பொம்பெய்’ படத்தின் இயக்குநர் மரியோ பொன்னார்ட் உடம்புக்கு முடியாமல் போக, படத்தை எடுத்து முடித்தது இவர்தான். பெயர் போட்டு வந்த முதல் படம் 1961-ன் ‘த கொலோஸஸ் ஆஃப் ரோட்ஸ்’. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூட்டத்தையும் செட்டையும் கையாளத் தெரிந்த ஒருவர் எடுத்த படம், அவ்வளவே. அதையும் சேர்த்து வாழ்நாளில் அவர் பெயரில் வந்தவை ஏழே படங்கள்.

1964-ல் வந்தது ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’. அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’வை (1961) அப்படியே மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோனது. அனுமதி வாங்காமல் எடுத்ததால் ஜப்பானிலிருந்து வழக்கு வந்தது. உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான், தைவான், தென் கொரிய விநியோக உரிமையும் கொடுத்துத்தான் தீர்ந்தது. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. கதை திருட்டுதான். ஆனால் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள், குரோசவாவின் நகைச்சுவையும் வேகமும் அங்கே இல்லை. வேறொரு தாளம் வந்து உட்கார்ந்திருக்கும்.

பட்ஜெட் சுமார் 2 லட்சம் டாலர். இத்தாலியப் படம் என்று தெரிந்தால் ஓடாது என்று எல்லோரும் அமெரிக்கப் பெயர் வைத்துக்கொண்டார்கள். லியோனே போட்டுக்கொண்ட பெயர் பாப் ராபர்ட்சன். ரொபெர்தோ ரொபெர்த்தியின் மகன் என்று அர்த்தம் வருகிற மாதிரி. ஒதுக்கப்பட்ட அப்பாவுக்கு மகன் செய்த மரியாதையாகவே எனக்கு அது படுகிறது.

நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட், அப்போது ‘ராஹைட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர். சம்பளம் 15,000 டாலர். லியோனேவுக்கு ஆங்கிலம் வராது, ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலியன் வராது. ஈஸ்ட்வுட் சுருட்டுப் பிடிக்காதவர். கசப்பில் முகம் சுளித்துக்கொண்டே இருந்தார், அந்தச் சுளிப்பே பாத்திரத்தின் முகமானது. தனக்கு எழுதியிருந்த வசனங்களை அவரே வெட்டித்தள்ளினார். எந்த நடிகர் அப்படிச் செய்வார்? பேச்சு குறையக் குறைய இயக்குநருக்கு முகமும் மௌனமும் கிடைத்தன.

முகம் என்றால் எப்படிப்பட்ட முகம்! நெற்றியில் பாதி வெட்டி, தாடையில் பாதி வெட்டி, திரை முழுக்க இரண்டு கண்கள். இதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அகலத்திரைப் படம் எடுக்க அப்போது பரவலாக இருந்த வழி அனமார்ஃபிக் லென்ஸ். அதில் முகத்துக்கு மிக அருகில் போனால் ஃபோகஸ் தகராறு செய்யும். ரோமில் இருந்த டெக்னிகலர் கிளை டெக்னிஸ்கோப் என்று ஒரு முறை கொண்டுவந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் வழக்கமாக நான்கு துளை உயரம் எடுக்கும். டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளை உயரம்தான். ஃபிலிம் செலவு பாதியாகிவிடும், சாதாரண லென்ஸே போதும். பணமில்லாத தயாரிப்பாளர்களுக்காக வந்த முறை இது. ஆனால் சாதாரண லென்ஸ் என்பதால் கண்ணுக்கு மிக அருகில் போகலாம். முன்னால் பெரிதாக ஒரு முகம், அதே ஃபிரேமில் தூரத்தில் எறும்பு போல ஒரு குதிரைக்காரன், இரண்டும் தெளிவாகத் தெரியும். வறுமைக்குக் கண்டுபிடித்த வழியை லியோனே தன் பாணியாக்கிக்கொண்டார்.

சத்தமும் அப்படித்தான். இத்தாலியில் அன்றைக்குப் படப்பிடிப்பில் நேரடி ஒலிப்பதிவு கிடையாது. ஈஸ்ட்வுட் ஆங்கிலத்தில் பேசுவார், ஜான் மரியா வொலொன்டே இத்தாலியனில் பேசுவார், துணை நடிகர்கள் ஸ்பானிஷில் பேசுவார்கள். எல்லாம் பிறகு டப்பிங். அதாவது படத்தின் ஒவ்வொரு சத்தமும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து வைத்தது. பூட்ஸின் குதிமுள், கதவுக் கீல், காற்று. எதை வைக்க வேண்டாம் என்பதையும் அவர்தான் முடிவு செய்கிறார். நிஜ உலகின் இரைச்சல் இல்லாத அந்த வெறுமையில்தான் மோரிகோனே வந்து உட்கார்ந்தார். அலெசாண்ட்ரோ அலெசாண்ட்ரோனியின் விசில், கிட்டார், சாட்டைச் சொடுக்கு. பிறகு எட்டா தெல்லோர்சோவின் சொல்லில்லாத குரல். ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ டைட்டிலில் நம்ம ஊர்க் கச்சேரியில் கேட்கிற மோர்சிங் மாதிரியே டொய்ங் டொய்ங் என்று ஒன்று வரும். ஐரோப்பிய மோர்சிங்தான் அது. அதைக் கேட்ட பிறகு கௌபாய் படம் என்றாலே அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

அந்த இரண்டாவது டாலர் படத்தில் (1965) லியோனே ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். வில்லனிடம் ஒரு பாட்டுக் கடிகாரம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் மெல்லிய மணி இசை ஓடும். எதிராளியைப் பார்த்து அவன் சொல்வது இதுதான்: இசை நிற்கும்போது சுடு. அவ்வளவுதான், காத்திருப்புக்கு ஓர் அளவுகோல் வந்துவிட்டது. நாற்காலி நுனியில் நாமும் அந்த மணியோசை தேய்ந்து தேய்ந்து அடங்குவதைக் கேட்கிறோம். அந்த இசைக்குப் பின்னால் ஒரு பழைய கொடுமை இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. லீ வான் கிளீஃப் அந்தக் கடிகாரத்தை ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று கடைசியில்தான் புரிகிறது. ஒரு கார் விபத்துக்குப் பிறகு வாய்ப்புகள் குறைந்து, ஓவியம் வரைந்துகொண்டிருந்தவரைத் தேடிப் பிடித்து அந்த வேடத்தைக் கொடுத்தார் லியோனே.

1966-ல் ‘த குட், த பேட் அண்ட் த அக்லி’. எல்லோருக்கும் தெரிந்த படம், அதனால் கதை சொல்லப்போவதில்லை. முதல் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடலாம்.

வட்டமான கல்தரை. சுற்றிலும் அடுக்கடுக்காக ஆயிரக்கணக்கான கல்லறைகள். நடுவில் மூன்று பேர் முக்கோணமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இருவர் என்றால் யார் யாரைச் சுடுவார் என்பது தெரிந்த விஷயம். மூவர் என்றால் ஒவ்வொருவனுக்கும் முதலில் யாரைச் சுடுவது என்ற குழப்பம். முதல் ஷாட்டில் மூவரும் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். பிறகு முழு உருவம். பிறகு இடுப்பு, உறை, விரல். முகம். மறுபடி விரல். கண். மோரிகோனேயின் டிரம்பெட் ஏறிக்கொண்டே போகிறது, வெட்டுகள் குறுகிக்கொண்டே போகின்றன. ஈஸ்ட்வுட்டின் கண் அசைவதில்லை. வான் கிளீஃப் கண் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஈலை வாலக் கண்ணில் வெளிப்படையான பயம். யார் எப்படிப்பட்டவன் என்பது மொத்தமும் அந்தக் கண்களில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். சுடுவது ஓர் அரை நொடி. அதிலும் ஒருவனுடைய துப்பாக்கியில் குண்டே இல்லை என்பது அப்புறம்தான் தெரியும். எத்தனையாவது தடவை பார்த்தாலும் என் உள்ளங்கை வியர்க்கிறது.

அந்தக் கல்லறையை ஸ்பெயினின் புர்கோஸ் மாகாணத்தில், சாந்தோ தொமிங்கோ தே சிலோஸ் அருகே, ஸ்பானிஷ் ராணுவ வீரர்களை வைத்துக் கட்டினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்க் கல்லறைகள். படம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டு புல் மண்டிக் கிடந்தது. 2015-ல் உள்ளூர் ரசிகர்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்ட ஆரம்பித்தார்கள். மண்ணுக்கடியில் அந்தக் கல்வட்டம் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் படத்தின் ஐம்பதாவது ஆண்டை அங்கேயே திரை கட்டிக் கொண்டாடினார்கள். ‘சாட் ஹில் அனெர்த்ட்’ என்ற ஆவணப்படத்தில் இதெல்லாம் இருக்கிறது. யாரும் புதைக்கப்படாத கல்லறையிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வந்து மண் விலக்குவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வாலக் தங்கப் புதையல் தேடி அந்தக் கல்லறைகளுக்கு நடுவில் ஓடுவாரே, அந்த இசையைத்தான் மெட்டாலிக்கா குழுவினர் 1983-லிருந்து தங்கள் கச்சேரிகளின் தொடக்கத்தில் ஒலிக்கவிடுகிறார்கள்.

இனி ‘வெஸ்ட்’ (1968). கதையை பெர்னார்டோ பெர்த்தலூச்சியும் டாரியோ அர்ஜெந்தோவும் லியோனேயும் உட்கார்ந்து பழைய ஹாலிவுட் வெஸ்டர்ன்களை நினைவிலிருந்து தோண்டித் தோண்டி உருவாக்கினார்கள். திரைக்கதையில் லியோனேயோடு செர்ஜியோ டொனாட்டி. வில்லன் ஹென்றி ஃபோண்டா. அமெரிக்காவின் நல்ல மனிதர் என்றால் அந்த முகம்தான் அந்நாளில். வில்லன் வேடம் என்பதால் அவர் பழுப்பு நிறக் கான்டாக்ட் லென்ஸும் மீசையும் வைத்துக்கொண்டு வந்து நின்றார். லியோனே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த நீலக் கண்கள். ஒரு குடும்பம் சுடப்பட்டுக் கிடக்கிறது, ஒரே ஒரு சிறுவன் மிச்சம். புதரிலிருந்து கொலைகாரர்கள் நடந்து வருகிறார்கள். கேமரா தலைவனின் முதுகுப் பக்கமிருந்து மெதுவாகச் சுற்றி முன்னால் வருகிறது. ஃபோண்டா! அவர் புன்னகைக்கிறார். அடுத்து வெடிக்கும் துப்பாக்கி ஓசை ரயிலின் கூவலாக மாறி அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. (‘ஷோலே’யில் தாக்கூர் குடும்பம் கொல்லப்படும் காட்சி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.)

அந்தப் படத்தின் இசையை மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே முடித்துக் கொடுத்துவிட்டார். செட்டில் அதை ஒலிக்கவிட்டு, நடிகர்களையும் கேமராவையும் அதன் லயத்துக்கு நகர்த்தினார் லியோனே. ரயிலில் வந்து இறங்கும் கிளாடியா கார்டினாலே தன்னை அழைத்துப்போக வருவார்கள் என்று காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. நிலையக் கட்டடத்துக்குள் போய் விசாரிக்கிறார், நாம் ஜன்னல் வழியே பார்க்கிறோம். அவர் அந்தப் பக்கக் கதவால் வெளியே போக, கேமரா சுவரில் ஏறி, கூரையைத் தாண்டி உயர்கிறது. அந்தப் பக்கம் ஓர் ஊரே கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதே கணத்தில் எட்டா தெல்லோர்சோவின் குரல் உச்சிக்குப் போகிறது. தனியாக ஒரு பெண், ஊர் முழுக்க அந்நியர்கள், பின்னால் அந்தக் குரல். தமிழில் சொல்வதானால் அந்த இடத்தில் படம் நம்மை அப்படியே தூக்கிவிடுகிறது.

மொத்தப் படமும் ஒரு ஷாட்டுக்காகக் காத்திருக்கிறது. பிரான்சனின் நினைவில் அவ்வப்போது மங்கலாக ஓர் உருவம் நடந்து வரும். முகம் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெருங்கி வரும். கடைசிச் சண்டைக்கு முன்னால்தான் அந்த உருவம் ஃபோகஸுக்குள் வந்து நிற்கிறது. இளம் வயது ஃபோண்டா. கையில் மவுத் ஆர்கன். அதை அவன் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் படத்தை வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள், ஓடவில்லை. பாரிஸில் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

நம்மூரில் லியோனே பாதிப்பு இல்லாமலா? ஒளிப்பதிவாளர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி ‘கங்கா’ (1972) எடுத்த காலத்திலிருந்து சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010), கார்த்திக் சுப்புராஜின் ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ (2023) வரை தொப்பியும் சுருட்டும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கால், கை, கண் என்று துண்டு துண்டாகக் காட்டி நாயகனை அறிமுகப்படுத்தும் பழக்கமும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. எனக்கு ஒரு குறை உண்டு. குளோசப்பை எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு முன் வரும் நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. கண்ணைக் காட்டியவுடன் அடி விழுந்துவிடுகிறது. பின்னணி இசைக்கு மூச்சுவிட இடமே இல்லை.

லியோனேயிடம் திரும்புவோம். ‘வெஸ்ட்’டுக்குப் பிறகு வந்த ‘டக், யூ சக்கர்’ (1971) மெக்சிகோ புரட்சிக் கதை. ராட் ஸ்டைகரும் ஜேம்ஸ் கோபர்னும் நன்றாக இருக்கிறார்கள். நடுவில் ஒரு படுகொலைக்குப் பிறகு ஸ்டைகரின் முகம் மட்டும் போதும். ஆனால் படம் தடுமாறுகிறது, லியோனே அதைத் தானே இயக்க வேண்டும் என்று முதலில் நினைக்கவும் இல்லை. அதோடு பதிமூன்று வருட மௌனம். இடையில் தயாரிப்பாளராக ‘மை நேம் இஸ் நோபடி’ போன்ற படங்கள் உண்டு. இயக்கம் இல்லை.

அந்த வருடங்கள் முழுக்க அவர் மனதில் ஒரே புத்தகம். ஹாரி கிரே எழுதிய ‘த ஹூட்ஸ்’. நியூயார்க் கிழக்குப் பகுதி யூதச் சேரிப் பையன்கள் ரவுடிகளாகும் கதை. உரிமை வேறொருவரிடம் இருந்தது. எழுத்தாளர்கள் மாறினார்கள், தயாரிப்பாளர்கள் மாறினார்கள். மோரிகோனே பல வருடம் முன்பே இசையை எழுதி வைத்துவிட்டார். 1984-ல்தான் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் அமெரிக்கா’ கான் விழாவுக்கு வந்தது. 229 நிமிடம்.

இதில் காத்திருப்பு சண்டைக்கு முந்தைய ஐந்து நிமிடம் அல்ல. 35 வருடம். 1933-ல் நியூயார்க்கை விட்டு ஓடிய நூடுல்ஸ் (ராபர்ட் டி நீரோ) 1968-ல் நரைத்த தலையோடு திரும்பி வருகிறான். நண்பர்கள் சாகத் தானே காரணம் என்ற எண்ணத்தோடு இடைப்பட்ட காலம் முழுவதும் ஒளிந்து வாழ்ந்தவன். படத்தின் தொடக்கத்தில் ஒரு டெலிபோன் அடிக்கத் தொடங்கும். அபின் கூடத்தில் படுத்திருப்பவன் காதில் அடிக்கிறது. மழைத் தெருவில் கருகிய பிணங்களைக் காட்டும்போதும் அடிக்கிறது. மதுவிலக்கு முடிந்த கொண்டாட்டத்தில் அடிக்கிறது. ஒரு கை ரிசீவரை எடுக்கிறது, அப்போதும் நிற்கவில்லை. இருபது தடவைக்கு மேல். கடைசியில் போலீஸ் மேஜையில் ஒருவர் எடுக்கும்போதுதான் அது நூடுல்ஸ் செய்த போன் என்று தெரிகிறது. காட்டிக்கொடுத்தவனின் மண்டைக்குள் அந்த மணி நிற்கவே நிற்காது என்பதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சொல்லிவிட்டார்.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சியில் துப்பாக்கியே இல்லை. பாட்ஸி என்ற பையன். அதே கட்டடத்துப் பெண் ஒருத்தி கேக் கொண்டுவந்தால் கூட இருப்பாள் என்று கேள்விப்பட்டு, மேலே கிரீம் வைத்த ஷார்லட் கேக் ஒன்றை வாங்கிக் காகிதத்தில் கட்டிக்கொண்டு போகிறான். அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருக்கிறான். காகிதத்தில் ஒட்டிய கிரீமை விரலால் வழித்து நக்குகிறான். மறுபடி ஒழுங்காகக் கட்டி வைக்கிறான். கதவைப் பார்க்கிறான். மறுபடி பிரிக்கிறான். ஒரு விரல் கிரீம். இன்னொரு விரல். செர்ரிப் பழம் போகிறது. அப்புறம் எல்லாம் போய்விடுகிறது. அவள் வந்து நிற்கும்போது காகிதத்தைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பிறகு வருகிறேன் என்று இறங்கிப் போகிறான். கல்லறையில் மூன்று பேருக்குக் கொடுத்த அதே பொறுமையை லியோனே இந்தப் பையனுக்கும் கேக்குக்கும் கொடுத்திருக்கிறார். பெரிய ஆளாக நடிக்க வந்தவனுக்குள் இருக்கும் குழந்தை அந்தப் படிக்கட்டில் தெரிகிறது.

ஆனால் இதே படத்தில் எனக்கு ஒப்பாத விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு பாலியல் வன்கொடுமைக் காட்சிகள். நூடுல்ஸ் தான் காதலிக்கும் டெபராவுக்குக் காரில் செய்வதைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. நூடுல்ஸின் மேல் நமக்கிருந்த அனுதாபத்தை வேண்டுமென்றே உடைக்கிறது. அதையாவது புரிந்துகொள்ளலாம். நகைக் கொள்ளையின்போது கேரல் என்ற பெண்ணுக்கு நடப்பதை அவளே விரும்பியது போலக் காட்டி, பிறகு அதைக் கிண்டலாகவும் ஆக்கியிருக்கிறார். அதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது. லியோனே படங்களில் பெண்களுக்கு இடமே குறைவு. கார்டினாலே ஏற்ற ஜில் பாத்திரம் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கிறது, ஒரு பெண்ணைக் கதையின் மையத்தில் வைக்கச் சொல்லி வற்புறுத்தியதாகப் பெர்த்தலூச்சியே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

படத்துக்கு அமெரிக்காவில் நடந்தது இன்னும் ஆறாத கதை. விநியோகித்தவர்கள் 229 நிமிடத்தை 139 நிமிடமாக வெட்டினார்கள். முன்னும் பின்னுமாக ஓடும் காலத்தைக் கலைத்து, சிறுவயது, இளமை, முதுமை என்று வரிசைப்படுத்தி ஒட்டினார்கள். காத்திருப்பு மொத்தமும் போய்விட்டது, மிஞ்சியது ஒரு ரவுடிக் கதைச் சுருக்கம். படம் விழுந்தது. மோரிகோனேயின் மிகச் சிறந்த இசைகளில் ஒன்று ஆஸ்கர் பரிந்துரைக்கே போகவில்லை. லியோனே மனம் உடைந்துபோனார். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவே இல்லை.

எடுக்க நினைத்தது லெனின்கிராட் முற்றுகையை. ஹாரிசன் சாலிஸ்பரியின் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, சோவியத் நாட்டோடு சேர்ந்து. இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் பியானோ வாசிக்கும் விரல்களில் தொடங்கி, ஜன்னல் வழியே வெளியேறி, முற்றுகையிடப்பட்ட நகரத்தின் மேல் பறந்து, பதுங்கு குழிகளைத் தாண்டி, ஜெர்மானிய டாங்கிகள் வரை ஒரே ஷாட்டாகப் போகும் தொடக்கத்தை அவர் போகும் இடமெல்லாம் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். 1989 ஏப்ரல் 30 அன்று ரோமில் மாரடைப்பில் இறந்தார். வயது 60. மூன்று வருடம் கழித்து ஈஸ்ட்வுட் தன் ‘அன்ஃபர்கிவன்’ படத்தை அவருக்கும் இயக்குநர் டான் சீகலுக்கும் காணிக்கையாக்கினார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’, பிறகு ‘குட், பேட், அக்லி’, அதற்குப் பிறகு ‘வெஸ்ட்’. மொபைலில் வேண்டாம், வீட்டில் இருக்கிற பெரிய திரையில் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அந்த ஈயும் சொட்டும் காற்றாலையும் உங்களுக்குக் கிடைக்கும். ‘அமெரிக்கா’ படத்தைத் தொடுமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 229 நிமிடப் பதிப்பு, அல்லது வெட்டுப்பட்ட காட்சிகள் சிலவற்றைச் சேர்த்து 2012-ல் கானில் திரையிட்ட 251 நிமிடப் பதிப்பு. சேர்த்த காட்சிகளில் படத்தின் தரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், பரவாயில்லை. 139 என்று போட்டிருந்தால் மூடி வைத்துவிடுங்கள்.